ஃபிளாஷை அணை, தம்பி!



தை மாதம் பிறந்தால் நம்ம பசங்களுக்குத் திருவையாறு ஞாபகம் வந்துவிடும். தியாகராஜர் ஆராதனைக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் பாட்டுக் கேட்க, மீதிப் பேர் படம் எடுக்க! எடுக்கட்டும், தப்பில்லை. எப்படி எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

காலையில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சிக்கலெல்லாம் ராத்திரிக் கச்சேரியில். ஒரு பக்கம் மஞ்சள் விளக்கு, இன்னொரு பக்கம் வெள்ளை எல்.இ.டி. கோயில் புறப்பாடு என்றால் கேட்கவே வேண்டாம். ஜெனரேட்டர் வண்டி வெளிச்சம் எட்டிய வரைக்கும்தான் நாதஸ்வரக்காரர் முகம் தெரியும். உடனே நம்மாள் என்ன செய்கிறான்? பளிச்சென்று ஒரு ஃபிளாஷ்! கண்ணை மூடி ராக ஆலாபனையில் ஆழ்ந்திருக்கிற வித்வான் திடுக்கிட்டு விழிக்கிறார். இது ரசிகன் செய்கிற காரியமா?

அதனால் பிரயோஜனமாவது உண்டா? முதலாண்டு பிசிக்ஸை நினைத்துப் பாருங்கள். ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 2 மீட்டரில் விழுகிற வெளிச்சத்தில் 25-ல் ஒரு பங்குதான் 10 மீட்டரில் விழும். பந்தலின் பின்வரிசையிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெரியவரின் வழுக்கைத் தலைதான் ஜொலிக்கும். மேடை இருட்டாகவே இருக்கும்!

ஃபிளாஷ் இல்லாமல் முடியும். ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று தாராளமாக ஏற்றலாம். எஃப் 1.8 லென்ஸ் யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஷட்டரை மட்டும் யோசித்து வைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் படத்தில் வரி வரியாகப் பட்டை விழாது. எலெக்ட்ரிகல்காரன் இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

1/50 வைத்தால் கை ஆடிப்போகுமே என்பீர்கள். ஆடட்டுமே! தவில்காரரின் வலது கையில் கூடு மாட்டிய விரல்கள் புகை மாதிரித் தெரியும். முகம் மட்டும் கல்லாக நிற்கும். அதுதான் தவில். விரலை உறைய வைத்து எடுத்த படத்தில் அவர் வாசிக்கிறாரா, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறாரா என்றே தெரியாது. பாடகரையும் நாதஸ்வரக்காரரையும் எடுக்கக் கார்வைக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்வரத்தில் நீண்டு நிற்கும் அந்தச் சில நொடிகளில் முகம் அசையாது. ஆக, பாட்டுக் கேட்கத் தெரிந்தவனுக்குப் படமும் நன்றாக வரும்.

இனி எடிட்டிங். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புள்ளி புள்ளியாக இருக்கிறதென்று மென்மையாக்கி, மென்மையாக்கி, வியர்வையில் கரைந்த விபூதிக் கோட்டையே அழித்துவிடுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டு எடுத்த படங்களிலும் புள்ளி இருந்தது. யார் குறை சொன்னார்கள்? மஞ்சளும் நீலமும் கலந்து முகம் அசிங்கமாக வந்தால் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், போதும்.

செல்போனில் ‘அழகு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது இன்னும் மோசம். டெல்டா வெயிலில் கறுத்த மனிதரை அது சிவப்பாக்கிவிடுகிறது. ராத்திரி முழுக்க வீதி வீதியாக நின்று வாசித்தவருக்கு எதற்கய்யா பவுடர்? அவர் நிறத்தில் என்ன குறை கண்டீர்கள்? ராத்திரியைப் பகலாக்குவதும் அப்படித்தான். சுற்றிலும் இருட்டாக இருந்தது என்றால் படத்திலும் இருட்டாகவே இருக்கட்டும்.

தியாகராஜருக்குப் புகைப்படமே கிடையாது. 1839-ல் பாரிசில் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்தார்கள். அவர் மறைந்தது 1847-ல். ஓவியர்கள் வரைந்த முகத்தைத்தான் கும்பிடுகிறோம். இன்றைக்கு ஆளுக்கொரு கேமரா இருக்கிறது. ஆனால் பெரிய வித்வானை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் தாளம் போடுகிற பையனையும் இரண்டாவது நாதஸ்வரக்காரரையும் வெட்டி எறிகிறோம்.

இந்த வருஷம் வெட்டாமல் ஒரு படம் எடுங்கள். அவர்கள் பெயரையும் ஊரையும் கேட்டுப் பின்னால் எழுதுங்கள். ஸ்டுடியோவில் ஒரு பிரிண்ட் போட்டு, அடுத்த திருவிழாவுக்கு வரும்போது அவர்கள் கையில் கொடுங்கள்.