அட்டவணையை வலமிருந்து படித்தல்

ஜூன் பிறந்தால் டெல்டாவில் டீக்கடை முதல் ஆசிரியர் அறை வரை மேட்டூர் நீர்மட்டம்தான் பேச்சு. 12ஆம் தேதி அணை திறப்பார்களா? பதினோராம் வகுப்பில் நேர்மாறு சார்பு நடத்தப் போகிறவர் மட்டும் அந்தப் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு, ‘மூன்றால் பெருக்கி ஐந்தைக் கழி’ வகைச் சார்பை எழுதி, எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறார். விடை வந்துவிடும். நேர்மாறு இருக்கிறதா என்ற கேள்விதான் வருவதில்லை.

மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. எத்தனை அடிக்கு எவ்வளவு இருப்பு என்று அட்டவணை உண்டு. நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலமாவதால் 60 அடியில் இருப்பு பாதி அல்ல, ஏறத்தாழ கால்வாசிதான். சரி, பாதி இருப்பு எந்த மட்டத்தில்? வலப்பத்தியில் தேடி இடப்பத்தியைப் பார்த்தால் 85 அடியை ஒட்டி வரும். வாய்பாடு எதுவும் தேவைப்படவில்லை. மட்டம் ஏறினால் இருப்பும் ஏறியே தீரும் என்பதால் ஓர் இருப்புக்கு ஒரே மட்டம், அது போதும். 150 டி.எம்.சி.க்கு மட்டம் கேட்கும் மாணவருக்கு, வீச்சகமே நேர்மாறின் சார்பகம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, நாளுக்கு நாள் மட்டம் காட்டும் வரைபடம். தேதியைச் சொன்னால் மட்டம் கிடைக்கும். மட்டத்தைச் சொல்லித் தேதி கேட்டால் மாட்டிக்கொள்வோம்: கோடையில் இறங்கும்போதும் 90 அடி, தென்மேற்குப் பருவமழையில் ஏறும்போதும் 90 அடி. ஏறும் நாள்களை மட்டும் வெட்டியெடுத்தால் நேர்மாறு உண்டு. வர்க்கச் சார்பைக் குறையற்ற எண்களோடு நிறுத்துவதும் இதே வேலைதான். அங்கே ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சார்புகளின் சேர்ப்புக்குத் தஞ்சாவூர்க்காரர் வெளியே போக வேண்டாம். வேலியை 20ஆல் பெருக்கினால் மா; மாவை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய ஏக்கர். 20 ஏக்கரிலிருந்து திரும்ப முதலில் மூன்றால் பெருக்கி 60 மா, பிறகு 20ஆல் வகுத்து 3 வேலி. கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்கிறோம்.

காலாண்டு வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. ஓராண்டு நீர்மட்ட வரைபடத்தைக் கொடுத்து, எந்தப் பகுதியை எடுத்தால் நேர்மாறு கிடைக்கும் என்று ஒரு கேள்வி வையுங்கள். விடைக்குறிப்பில் மட்டும் கவனம் தேவை: இறங்கும் பகுதியை எடுத்தவருக்கும் ஏறும் பகுதியை எடுத்தவருக்கும் முழு மதிப்பெண்.