நுரையின் கரையில் ஒரு பூங்கா

ஓசூருக்கு ஓர் ஆற்றங்கரைப் பூங்கா வேண்டும் என்று நண்பர்கள் சிலர் பேசி வருகிறார்கள். நடைபாதை, வண்ண விளக்குகள், படகுச் சவாரி, குழந்தைகளுக்கு ஊஞ்சல். ஆசை நியாயமானதுதான். வாரம் ஆறு நாள் சிப்காட் ஆலைகளில் உழைக்கும் ஊர், ஏழாம் நாள் காலாற நடக்க ஓர் இடம் கேட்பதில் என்ன பிழை? சந்திரசூடேசுவரர் மலையையும் இராமநாயக்கன் ஏரியையும் விட்டால் ஊருக்குள் போக்கிடம் அதிகமில்லை. பழைய கடைவீதிகளும் வாகன நெரிசலில் நடக்கத் தகாதவையாகிவிட்டன. ஆயினும் இக்கோரிக்கையை நான் எதிர்க்கிறேன். கரையைப் பற்றி இத்தனை பேசுகிறவர்கள் நீரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதே காரணம்.

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் கிழக்கே தெற்கு நோக்கி இறங்குகிறது. பெல்லந்தூர் ஏரி வழிந்து வர்த்தூர் ஏரிக்குச் செல்ல, அங்கிருந்து மாநகரின் கழிவு இந்த ஆற்றில் சேர்கிறது. 2015இலும் 2017இலும் 2018இலும் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. அந்த நீர்தான் எல்லை கடந்து கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. சோப்புத் தூளும் ஆலை இரசாயனமும் கலந்த நீர் மதகிலிருந்து விழுந்து கலங்கும்போது, பஞ்சுப் பொதி போல நுரை எழுகிறது. மழைக்காலத்தில் அது வயலிலும் தரைப்பாலத்திலும் ஆளுயரத்துக்கு நிற்பதும் உண்டு. மழை பெய்தவுடன் யாரோ கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது விவசாயிகளின் தீராத புகார். அவர்கள் பாய்ச்சுவதும் இந்த நீரைத்தான்.

இவ்விடத்தில் நமக்கு ஒரு வசதியான விடை உண்டு: எல்லாம் கர்நாடகத்தின் குற்றம். இது பாதி உண்மை. ஆகவேதான் ஆபத்தானது. மனை விற்கும்போது நாம் பெங்களூரின் வாசல். மெட்ரோ கேட்கும்போது பெங்களூரின் நீட்சி. ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்ததும் அந்த மாநகரை நம்பித்தான். சாக்கடை வரும்போது மட்டும் திடீரென்று எல்லைக்கோடு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஓசூர் மாநகராட்சியானது 2019இல். நம் வீட்டுக் கழிவும் நம் ஆலைக் கழிவும் எந்த ஓடை வழியே எங்கே சேர்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மார்க்கண்டேய நதி அணைக்கு எதிராகத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் சென்றது; அது நீரின் அளவுக்கான வழக்கு, தேவையானது. நீரின் தன்மைக்காகவும் அதே ஆவேசத்தை நாம் காட்டியிருக்க வேண்டும்.

கரையை அழகாக்கினால் ஆறும் தானே சீராகும் என்போருக்கு அகமதாபாத்தைக் காட்டலாம். சபர்மதிக் கரையின் புகழ்பெற்ற நடைபாதைக்கு முன்னே நிற்பது பெரும்பாலும் கால்வாய் வழி கொண்டுவந்த நர்மதை நீர். வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே அதே ஆறு கழிவாக ஓடுவதை 2021இல் குஜராத் உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க நேர்ந்தது. உல்லாசம் மேலே, நாற்றம் கீழே. ஓசூருக்குக் கீழே இருப்பது கிருஷ்ணகிரி அணை. ஞாயிறுதோறும் குடும்பங்கள் அங்கே பூங்காவில் அமர்ந்து பொரித்த மீன் தின்கின்றன. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று அக்குழந்தைகளுக்கு யார் சொல்வது?

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பாரி மகளிரை மணம் செய்வித்த பின் கபிலர் தீப்பாய்ந்தார் என்று கல்வெட்டு சொல்லும் திருக்கோவலூர் இதே பெண்ணையின் கரையில்தான் இருக்கிறது. கபிலர் குன்றைப் பார்த்துக் கண்கலங்கித் திரும்புகிறோம். புலவர் தீப்புகுந்த ஆற்றின் தலைமாட்டில் ஏரியே தீப்பற்றியபோது நம் பத்திரிகைகளில் எத்தனை கட்டுரைகள் வந்தன? பழைய நதியைப் பாடிக்கொண்டிருப்பது இன்றைய நதியைப் பாராதிருக்க நாம் கண்டுபிடித்த உபாயமோ என்று தோன்றுகிறது.

பூங்கா வரட்டும். ஆனால் முதல் விளக்குக் கம்பத்துக்கு முன் ஒரு பலகை வேண்டும். கெலவரப்பள்ளி நீரின் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும், இவ்வூர் பேசும் மொழிகளிலெல்லாம், அதில் எழுதி வைக்க வேண்டும். அதைப் படித்த பிறகும் படகில் ஏற விரும்புகிறவர்கள் ஏறட்டும். பலகையே வேண்டாம் என்பவர்கள், தாங்கள் கேட்பது ஆறு அல்ல, வெறும் காட்சி என்று ஒப்புக்கொள்ளட்டும்.