மக்களைக் கேட்காமல் கடலைத் துளையிடும் ஆணைக்குக் கண்டனம்

எண்ணெய், எரிவாயு தேடி ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் வேண்டாம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம் என்று 2020 ஜனவரி 16 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கையை, கோவளம் முதல் பாலாற்று முகத்துவாரம் வரை மீன்பிடித் தொழில் செய்யும் எங்கள் சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

இது எங்கோ நடக்கும் விவகாரம் அல்ல. எங்கள் மாவட்டத்தின் தெற்கெல்லையை அடுத்த மரக்காணத்தில் தொடங்கும் எண்ணெய் வட்டாரம் 2018-லேயே வேதாந்தா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி தரப்பட்டு, எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு சொன்னது. டெல்டாவைக் காக்க 2020-ல் ஒரு சட்டம் வந்தது. எங்கள் கடலுக்கு அதுவும் இல்லை.

“வெறும் ஆய்வுக் கிணறுதானே” என்கிறார்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் வெடித்து 87 நாள் எண்ணெய் கக்கியதும் ஆய்வுக் கிணறுதான். வளர்ந்த, பாதி வளர்ந்த கடலாமைகளில் மட்டும் 4,900 முதல் 7,600 வரை செத்திருக்கும் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு.

விபத்தே நடக்காவிட்டாலும் கழிவு உண்டு. பேரைட் கனிமம் கலந்த துளைச்சேறு, கடலடியை அரைத்தெடுத்த கற்தூள், எண்ணெயோடு ஏறிவரும் உப்புநீர் எல்லாம் கடலுக்குத்தான் வருகின்றன. இவற்றில் பாதரசம், காட்மியம், ஈயம் இருக்கக்கூடும். ஆமைக்கும் கடல் பாம்புக்கும் செவுள் இல்லை. மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும். பங்குனி ஆமை தலையை நீட்டி, உள்ளிருக்கும் காற்றை ஒரேயடியாக விட்டு, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு முங்குவதைப் படகிலிருந்து பார்க்கிறவர்கள் நாங்கள். அந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் கிடந்தால் அதன் ஆவி நேராக நுரையீரலுக்குப் போகும். தார் உருண்டையை ஆமை இரையென்று விழுங்கும். உடம்பின் உப்பைக் கண்ணோரம் கசியவிடும் சுரப்பி, எண்ணெய் பட்டால் முடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மணலில் எண்ணெய் ஊறினால் ஒன்றரை அடி ஆழத்தில் புதைந்த முட்டைகளும் தப்பாது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டக் கரையையும் பாதித்தது. அது ஆமை முட்டையிடும் காலம். எண்ணூர்க் கரையில் எண்ணெயை வாளிகளில் அள்ளினார்கள். நம் ஆயத்தம் அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் இந்தக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதற்கு எண்ணெய் காரணமல்ல, இழுவை வலைகளே காரணம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வலையிலிருந்தே காக்க முடியாத உயிர்கள்மேல் துளைக்கழிவையும் சுமத்துவது அநியாயம்.

ஒன்றிய அரசு 2020 அறிவிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். பழவேற்காடு முதல் மரக்காணம் வரையிலான கடலில் எந்த ஆய்வுக் கிணற்றுக்கும் மாநில அரசு உடன்படக் கூடாது. இனி எந்தத் திட்டம் வந்தாலும் கருத்துக் கேட்பு எங்கள் குப்பங்களிலேயே தமிழில் நடக்க வேண்டும். கழிவு எங்கே, எவ்வளவு கொட்டப்படும் என்ற கணக்கு, கூட்டத்துக்கு முன்பே ஊர்ப் பஞ்சாயத்தார் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகக் குழு, மாமல்லபுரம்