மூணு நாள் லீவு!

எங்கள் சிங்கவரத்தில் கவலையில்லாமல் படுத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். மலைமேல் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர்! பல்லவர் காலத்தில் படுத்தவர். 'நைட் டூட்டி' என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

அடிவாரத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? எங்கள் தெரு நர்ஸ் அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உத்தியோகம். வாரத்தில் நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு.

"கலெக்டருக்குக்கூட இவ்வளவு லீவு கிடையாதேக்கா!" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"நாலு நாளும் பன்னெண்டு பன்னெண்டு மணி நேரம் தம்பி. பி.காம். படிச்சிருக்கியே, கணக்குப் போட்டுப் பாரு."

போட்டேன். நாலு பன்னிரண்டு 48. ஆறு நாளைக்கு எட்டெட்டு மணி நேரம் உழைக்கிறவர்களுக்கும் அதே 48. ஆஸ்பத்திரி அஞ்சு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு நாள் துணியை நாலு நாள் பையில் அமுக்கித் திணித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜிப் பிய்த்துக்கொள்வது அக்காவின் உடம்பில்!

பஸ்ஸில் போக, வர மூணு மணி நேரம். ஆக பதினைந்து. மீதி ஒன்பதில் சமையல், குளியல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், நேரமிருந்தால் தூக்கம். அந்த மூணு நாள் லீவு? முதல் நாள் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். ரெண்டாம் நாள் துணிமூட்டை, ரேஷன், மாவு மிஷின். மூணாம் நாள் காலையில் போன் வரும்: "சிஸ்டர், ஒருத்தங்க வரலை. இன்னிக்கு மட்டும் வந்துட்டுப் போயிடுங்க!"

இத்தனைக்கும் அக்காவுக்கு இந்த ஷிப்ட் பிடிக்காமல் இல்லை. ரெண்டு நாள் பஸ் சார்ஜ் மிச்சமாயிற்றே! அமெரிக்காவிலும் இதே கதைதான். நாலு மாநிலங்களில் 22,275 நர்ஸ்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் 'ஷிப்ட் முறை திருப்தி' என்றார்கள். ஆனால் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்த்தவர்கள், 'போதுமடா சாமி' என்று சோர்ந்துபோகும் வாய்ப்பு இரண்டரை மடங்கு வரை அதிகம். 2004-ல் வந்த இன்னொரு ஆய்வு, பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொட்டால் தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு என்கிறது.

அக்கா சொன்னதும் அதுதான். "ராத்திரி மூணு மணிக்கு ஊசி மருந்து பேரை மூணு தடவை படிக்கிறேன் தம்பி. அப்பவும் சந்தேகமா இருக்கு. நாலாவது தடவையும் படிக்கிறேன்."

நாலாவது தடவை படிக்கத் தெம்பில்லாத ஒரு ராத்திரி வந்தால்? கட்டிலில் படுத்திருப்பது நீங்களாகவோ நானாகவோ இருக்கலாம்.

தனியாரை மட்டும் சொல்வானேன்? 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று நர்ஸ் என்ற கணக்கில்தான் தமிழ்நாட்டில் அந்தத் திட்டமே ஆரம்பித்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று பேர் 48 மணி நேரம் பார்த்தால் 144. மீதி 24? ஒருவர் பிரசவ லீவில் போனால்? 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டை எட்டாக்கச் சொல்லிப் போராடியவர்கள்தான்.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது ஊரே கொந்தளித்தது. மே தினத்தன்று வாபஸ் ஆனது. சந்தோஷம். ஆனால் ஆஸ்பத்திரி வார்டு தொழிற்சாலை இல்லையே! அங்கே மசோதா இல்லாமலே பன்னிரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் பதிவியலில் 'தேய்மானம்' என்று ஒன்று உண்டு. ஸ்கேன் மிஷினுக்கு வருஷா வருஷம் எழுதுவார்கள். மிஷின் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கு எந்தப் பேரேட்டிலும் அந்தப் பத்தி கிடையாது. மூணு நாள் லீவு லாபமல்ல சார், உடம்பு கொடுத்த கடன். அதை அடைக்க ஒரே வழி இன்னொரு நர்ஸைச் சம்பளம் கொடுத்து நியமிப்பதுதான்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. அடுத்த தடவை வார்டில், "எத்தனை வாட்டி கூப்பிடறது?" என்று குரலை உயர்த்துமுன், "சிஸ்டர், எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைக் கேட்டபின் குரல் தானாக இறங்கும்.