சட்டைக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை!

சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம், என்னிடம் படிக்கும் பையன் ஒருவனுடைய தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மதுரையிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் வீடு கட்டிக் கொடுக்கும் சிறிய கண்டிராக்டர் அவர். பையனின் பரீட்சைக் கட்டணத்தைச் சில நாள் கழித்துக் கட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வீட்டுக்காரர் பால் காய்ச்சிக் குடியேறி மூன்று மாதமாகிறது, ஸார்! கடைசித் தவணை இன்னும் வரவில்லை. கொத்தனார், சித்தாள் கூலியைக் கடன் வாங்கித் தீர்த்தேன். அந்த வீட்டை நான் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்காதா?" என்றார்.

இடங்கொடுக்காது என்பதே வருந்தத்தக்க பதில். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, ஒரு பொருளை வாங்கி அதில் உழைத்தவன் கூலி பெறும் வரையில் அப்பொருளைத் தன்னிடமே வைத்திருக்கலாம் என்கிறது. இதற்குப் பற்றுரிமை என்று பெயர். வைரத்தைப் பட்டை தீட்டியவருக்கு இவ்வுரிமை உண்டு. தையற்காரருக்கும் உண்டு, ஆனால் கூலிக்குத் தவணை கொடுத்துவிட்டால் அவரும் சட்டையைப் பிடித்து வைக்க இயலாது. இவ்விரண்டும் அச்சட்டமே காட்டும் உதாரணங்கள். வீடோ அசையாச் சொத்து. அதற்கு இப்பிரிவு பொருந்தாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. வாஷிங்டன் நகரத்தை நிர்மாணிக்கத் தொடங்கிய காலத்தில், 1791-ல், மேரிலாண்டு சட்டசபை வீடு கட்டியவருக்கு அவ்வீட்டின் மீதே பற்றுரிமை அளித்தது. பணம் நிச்சயம் என்றால்தானே கட்டுவதற்கு ஆள் வருவார்கள்?

நம் நாட்டிலும் உழைத்தவர் முற்றும் கைவிடப்படவில்லை. 1944-ல் வங்காளத்தில் பி. கே. மண்டல் கம்பெனியார் சர்க்காருக்காகக் கொட்டகைகளும் சாலையும் அமைத்தனர். ஒப்பந்தம் முறைப்படி எழுதப்படவில்லை என்று சர்க்கார் பணம் தர மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. இனாமாகச் செய்யாத வேலையின் பயனை ஏற்று அனுபவித்தவர் அதற்கு ஈடு தரவேண்டும் என்னும் 70-வது பிரிவின்படி, கம்பெனியாருக்கே 1961-ல் தீர்ப்பாயிற்று. ஆயினும், எத்தனை வருஷம் கழித்து என்பதைக் கவனியுங்கள்! சிறிய கண்டிராக்டர் அவ்வளவு காலம் தாங்குவாரா?

ஆகையால் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: "அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய தொகையை முன்னதாகவே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு கட்டத்தின் பணம் வந்த பிறகே அடுத்ததைத் தொடங்குவது என்றும் அதில் எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் வேலையையும் எழுத்தில் பெறுங்கள். பாக்கி நின்றால் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடவேண்டும். தாட்சண்யம் பார்த்துக் கெடுவைக் கடத்திவிடாதீர்கள்."

இதைப் படிக்கும் நேயர்களில் கண்டிராக்டர்கள் சிலரே. வீடு கட்டுகிறவர்களே அதிகம். தையற்காரர் கூலியைக் கொடுக்காமல் சட்டையை வாங்க நமக்குத் துணிவில்லை. வீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கடைசித் தவணையை மறந்துவிடுகிறோம். பூச்சில் குறை இருந்தால் அதைச் சொல்லித் திருத்திக்கொள்வது நியாயம். குறையைத் தேடிக் கண்டுபிடித்துக் கூலியை நிறுத்துவது நியாயமல்ல. கிரகப்பிரவேசப் பந்தலைப் பிரிப்பதற்கு முன் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். ஒரு பையனின் பரீட்சைக் கட்டணம் அதில் அடங்கியிருக்கலாம்.