கடைசிப் பந்தை வைத்துக் குணத்தை அளப்பவர்கள்

உலகக் கோப்பை ஒன்று முடியும்போதெல்லாம் ஒரு பட்டியலும் உடன் வந்துவிடுகிறது. 'விளையாட்டு வரலாற்றின் தலைசிறந்த நெருக்கடி நாயகர்கள்' என்பது போல அதற்கு ஒரு தலைப்பு. அமெரிக்க விளையாட்டு இதழியல் 'கிளட்ச்' என்று பெயரிட்டு வளர்த்த கருத்தாக்கம் இது. இன்று இந்தியத் தொலைக்காட்சி வருணனையிலும் பல்கலைக்கழக விடுதி அரட்டையிலும் ஒருசேரப் புழங்குகிறது. ஆட்டம் இழுபறியில் இருக்கையில் எல்லார் கைகளும் நடுங்கும்; சிலருக்கு மட்டும் நடுங்காது; அது அவர்களுடைய பிறவிக் குணம்; அக்குணம் வாய்க்காதவர் எத்தனை ஆயிரம் ஓட்டங்கள் குவித்தாலும் ஒரு படி கீழேதான் என்பதே இப்பட்டியல்களின் சாரம். தேநீர்க்கடைப் பேச்சென்றால் சிரித்துக் கடந்துவிடலாம். சான்றையும் மாதிரியின் அளவையும் காரண காரியத் தொடர்பையும் சீர்தூக்கிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டோரும் இதை ஐயமின்றி ஒப்புக்கொள்வதால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு இன்னிங்ஸ்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1999 ஜனவரி, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் இந்தியாவின் இலக்கு 271. 82 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் போய்விட்டன. முதுகுவலியுடன் நின்ற சச்சின் டெண்டுல்கர், நயன் மோங்கியாவோடு சேர்ந்து 136 ஓட்டங்கள் சேர்த்தார். தானும் 136 ஓட்டங்கள் எடுத்து, வெற்றிக்கு 17 ஓட்டங்களே எஞ்சியிருந்தபோது சக்லைன் முஷ்தாக்கின் பந்தைத் தூக்கியடித்து ஆட்டமிழந்தார். எஞ்சிய 3 விக்கெட்டுகள் 4 ஓட்டங்களில் சரிந்தன. இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. 'சச்சின் கடைசிவரை நின்று முடித்துக்கொடுக்க மாட்டார்' என்ற வழக்குக்கு இன்றுவரை முதல் சாட்சியாக நிறுத்தப்படுவது இந்த ஆட்டம்.

2010 அக்டோபர், மொகாலி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இலக்கு 216. 124 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள். இங்கும் முதுகுப் பிடிப்பு; வி.வி.எஸ். லக்ஷ்மணுக்காக வேறொருவர் ஓட வேண்டியிருந்தது. ஒன்பதாவது விக்கெட்டுக்கு இஷாந்த் சர்மாவுடன் 81 ஓட்டங்கள் சேர்ந்தன. இஷாந்த் 31 ஓட்டங்கள் எடுத்துப் போனபின் கடைசி ஆளாக பிரக்யான் ஓஜா வந்தார். லக்ஷ்மண் 73 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நிற்க, இந்தியா 1 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. நெருக்கடி நாயகர் பட்டியல்களில் லக்ஷ்மணுக்கு நிலையான இடம் வாங்கித் தந்த ஆட்டங்களுள் இதுவும் ஒன்று.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் வேறுபாடு எது? சென்னையில் கடைசி மூன்று விக்கெட்டுகள் சேர்த்தவை 4 ஓட்டங்கள். மொகாலியில் இஷாந்த் ஒருவரே 31 எடுத்தார். மொகாலியின் இறுதிக் கட்டத்தில், இன்னும் 6 ஓட்டங்கள் தேவை என்ற நிலையில், ஓஜாவுக்கு எதிராக ஓர் எல்பிடபிள்யூ முறையீடு எழுந்தது, நடுவர் மறுத்தார். அதே பந்தில் ஸ்டம்பை நோக்கி எறியப்பட்ட பந்து குறி தவறி எல்லைக்கோட்டுக்கு ஓடி 4 ஓட்டங்களைத் தந்தது. அந்த எறி பட்டிருந்தாலோ, நடுவரின் விரல் உயர்ந்திருந்தாலோ, லக்ஷ்மணின் 73 தோல்வியில் முடிந்த இன்னொரு வீண் முயற்சியாகப் பதிவாகியிருக்கும். அவர் ஆடிய ஒரு பந்துகூட மாறியிருக்காது. மாறியிருக்கக்கூடியது அவரைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே. இதில் இன்னொன்றும் உண்டு. சாந்தத்தின் உருவமென்று பேர்பெற்ற லக்ஷ்மண் அன்று ஓஜாவைப் பார்த்து ஆத்திரத்தோடு கத்தியதைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. நடுங்காதவன் என்று பட்டியல் சொல்லும் மனிதர் அவ்வேளையில் எல்லாரையும் போலப் பதறிக்கொண்டுதான் இருந்தார். பதற்றத்தோடே ஆடினார், நன்றாக ஆடினார்.

'டெண்டுல்கர் தானே தூக்கியடித்து அவுட்டானார், லக்ஷ்மண் ஆகவில்லையே' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்த அடி தவறான தேர்வு என்றுகூட ஒருவர் வாதிடலாம். ஆனால் ஓர் அடியின் தவறைச் சுட்டுவது ஆட்டத் திறனாய்வு. அதிலிருந்து ஒரு மனிதரின் குணத்துக்குத் தாவுவது ஜோதிடம். பட்டியல்கள் செய்வது இரண்டாவதை.

பட்டியல்கள் தேர்ந்தெடுக்கும் 'கணம்' எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். 2011 உலகக் கோப்பை இறுதியாட்டம் என்றதும் நினைவுக்கு வருவது குலசேகராவின் பந்தில் தோனி அடித்த சிக்ஸர். அந்தப் பந்து வீசப்படும்போது இந்தியாவுக்குத் தேவைப்பட்டவை 11 பந்துகளில் 4 ஓட்டங்கள். கையில் 6 விக்கெட்டுகள் இருந்தன. அன்றைய இன்னிங்ஸிலேயே நெருக்கடி மிகக் குறைந்த நேரங்களில் அதுவும் ஒன்று. நெருக்கடி வேறிடத்தில் இருந்தது. 275 என்ற இலக்கை நோக்கி இறங்கிய இந்தியா இரண்டாவது பந்திலேயே சேவாகை இழந்தபோது களம் புகுந்தவர் கௌதம் கம்பீர். 31 ஓட்டங்களில் டெண்டுல்கரும் போனபின் கோலியுடன் 83 ஓட்டங்களும், தோனியுடன் 109 ஓட்டங்களும் சேர்த்து, 97இல் ஆட்டமிழந்தார். 2007 டி20 உலகக் கோப்பை இறுதியிலும் இந்தியாவின் உயர்ந்தபட்ச ஓட்டங்கள், 75, அவருடையவையே. இரண்டு இறுதியாட்டங்களிலும் அணியில் அதிக ஓட்டம் எடுத்த மனிதர் பட்டியலின் பின்வரிசையில் நிற்கிறார். சில நேரம் இடமே பெறுவதில்லை. மும்பையில் முதல் 5 ஓவர்களில் 3 மெய்டன்களுடன் 6 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து ஒரு விக்கெட்டும் வீழ்த்திய ஜாகீர் கானைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தோனியின் ஆட்டமிழக்காத 91 மிகச் சிறந்த இன்னிங்ஸ், அதில் ஐயமில்லை. ஆனால் அவரைப் பட்டியலின் உச்சியில் ஏற்றுவது அந்த இன்னிங்ஸ் அன்று, ஒரு நிழற்படம். அதே தோனி 2019 அரையிறுதியில் மான்செஸ்டரில் 50 ஓட்டங்களுடன் நின்றபோது மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேரே ஸ்டம்பைத் தாக்கியது. இந்தியா 18 ஓட்டங்களில் தோற்றது. மொகாலியில் ஓர் எறி தவறியது, மான்செஸ்டரில் ஓர் எறி பட்டது. இவற்றில் எந்த எறி எந்த மட்டையாளரின் மன உறுதியை அளந்தது?

குணம் நிலையானது என்பதே 'நெருக்கடி நாயகன்' வாதத்தின் அச்சாணி. அபினவ் பிந்த்ராவின் வாழ்க்கை அதைக் கழற்றிவிடுகிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் 597 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் நுழைந்தவர், இறுதிச் சுற்றில் ஏழாவதாக முடித்தார். 2008 பெய்ஜிங்கில் நான்காம் இடத்தில் நுழைந்தார். கடைசிச் சுடுதலுக்கு முன் ஃபின்லாந்தின் ஹாக்கினனுடன் சமநிலையில் இருந்தவர், அந்த ஒற்றைத் தோட்டாவில் 10.8 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றார். 2016 ரியோவில் சமநிலை முறிக்கும் சுடுதலில் தோற்று நான்காம் இடம் பெற்றார். ஒரே மனிதர், ஒரே போட்டி. 2008இல் இருந்த பிறவிக் குணம் 2004இல் எங்கே போயிருந்தது? 2016இல் எங்கே ஒளிந்துகொண்டது?

மகளிர் கிரிக்கெட் அணியின் கதையும் இதுவே. 2017 லார்ட்ஸ் இறுதியாட்டத்தில் 229 என்ற இலக்கை நோக்கி 191க்கு 3 என்றிருந்த இந்தியா, 28 ஓட்டங்களுக்குள் 7 விக்கெட்டுகளை இழந்து 9 ஓட்டங்களில் தோற்றது. இந்திய மகளிருக்கு இறுதியாட்டம் தாங்காது என்ற தீர்ப்பு பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவில் ஆட்டமிழந்தோரில் ஒருவர் தீப்தி சர்மா. 2025 நவம்பரில் நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான இறுதியில் 58 ஓட்டங்களும் 5 விக்கெட்டுகளும் எடுத்துக் கோப்பை வெல்ல வழிசெய்தவரும் அவரே. இடையில் மாறியது அவருடைய பிறப்பன்று. எட்டாண்டு ஆட்டம், பயிற்சி, மேலும் திரண்ட ஓர் அணி.

புள்ளியியலாளர்கள் இக்கேள்வியைப் புதிதாகச் சந்திக்கவில்லை. 1977இல் டிக் கிராமர், பேஸ்பால் மட்டையாளர்களின் 1969, 1970 ஆண்டுத் தரவுகளை ஒப்பிட்டார். நெருக்கடியான கட்டங்களில் வழக்கத்தைவிடச் சிறப்பாக ஆடியவர்கள் மறு ஆண்டும் அவ்வாறே ஆடுகிறார்களா என்று தேடினார்; அத்தகைய தொடர்ச்சி தென்படவில்லை. நேர்மையாகச் சொன்னால் கதை அங்கே முடியவில்லை. 2004இல் பில் ஜேம்ஸ் இம்முறையையே கேள்விக்குள்ளாக்கினார். மூடுபனியில் நிற்கும் காவலன் எவரையும் காணவில்லை என்பதால் அங்கே எவரும் இல்லை என்று ஆகிவிடாது என்பது அவருடைய வாதம். அவ்வாதம் சரியானதே. ஆனால் அது பட்டியல்காரர்களுக்குத் துணை நிற்பதாக எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆயிரக்கணக்கான வாய்ப்புகள் அடங்கிய தரவிலேயே மூடுபனிக்குள் மறைந்துவிடும் அளவுக்கு அத்திறன் நுண்ணியது எனில், மூன்று நான்கு ஆட்டங்களைக் கொண்டு அதை ஒருவரிடம் கண்டுவிட்டதாகச் சொல்வது எப்படி? இத்தகைய மாதிரியை வைத்து எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேட்டை எந்த வழிகாட்டியாவது ஏற்பாரா?

அழுத்தம் என்ற ஒன்றே இல்லை என்பது இதன் பொருளன்று. அழுத்தம் மெய்யானது. பழகிப்போய்த் தானாக நிகழும் உடலசைவின்மீது மனம் திடீரெனக் கவனத்தைத் திருப்பும்போது அந்த அசைவு குலைகிறது என்பதை 1984இல் ராய் பாமைஸ்டரின் ஆய்வு முதல் உளவியலாளர்கள் விளக்கி வருகிறார்கள். அதனாலேயே ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரே சடங்கைச் செய்யவும், மூச்சை ஒழுங்குபடுத்தவும் வீரர்கள் பழகுகிறார்கள். நோயின் இயல்பு இதுவானால் மருந்தும் பயிற்சிதான். கற்பிக்கக்கூடிய ஒன்றைப் பிறவி வரமென்று பாடுவது, கற்பித்தவரின் உழைப்பையும் கற்றவரின் உழைப்பையும் ஒருசேர அழிப்பதாகும்.

இந்த வீரவழிபாட்டுக்கு விலை கொடுப்பவர்கள் மறுபக்கத்தில் நிற்கிறார்கள். 1986 ஏப்ரலில் சார்ஜாவில் கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு 4 ஓட்டங்கள் தேவைப்பட்டன. சேத்தன் சர்மா வீசிய பந்தை ஜாவேத் மியான்தத் சிக்ஸருக்கு அனுப்பினார். அதே ஆண்டின் கோடையில் பர்மிங்காம் டெஸ்டில் 10 விக்கெட்டுகள் வீழ்த்தியவர் சேத்தன். 1987இல் நாக்பூரில் உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவரும் அவரே. ஆயினும் அவருடைய பெயரைச் சொன்னதும் மக்கள் நினைவில் எழுவது அந்த ஒரு பந்து. மியான்தத்தை நாயகனாக்கிய அதே கணக்கு சேத்தனைக் கோழையாக்கியது. ஒன்றை ஏற்பவர் மற்றதையும் ஏற்றே தீரவேண்டும்.

பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 விநாடிகளில் முடித்தார். வெண்கலம் வென்றவரின் நேரம் 55.41. ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை மனத்திண்மையின் பற்றாக்குறையென்று வாசித்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மகளிர் 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்த அந்த ஆண்டில், ஒரு சிற்றூரிலிருந்து வந்து உலகின் நான்காவது இடத்தைப் பிடித்த பெண்ணிடம் எது குறைந்தது என்று கேட்பதா, அவளுக்கு முன்பும் பின்பும் இந்தியத் தடகளத்துக்கு எது கிடைக்காமல் போனது என்று கேட்பதா? முதல் கேள்வி எளிது. எவர் சட்டைப்பையிலும் கைவைக்காது. இரண்டாவது கேள்வி ஓடுதளத்தையும் ஊட்டத்தையும் பயிற்றுநரையும் பன்னாட்டுப் போட்டி வாய்ப்பையும் பற்றியது. நெருக்கடி நாயகன் என்னும் கதை இரண்டாவது கேள்வியை எழவிடாமல் செய்வதால்தான் விளையாட்டை நிர்வகிப்போருக்கும் அது அவ்வளவு உவப்பாக இருக்கிறது.

இவ்விடத்தில் கல்வித்துறைக்கும் தப்ப வழியில்லை. பன்னிரண்டு ஆண்டுக் கல்வியைச் சில மணி நேர நுழைவுத்தேர்வைக் கொண்டு எடைபோடுகிறது இந்நாடு. அந்தச் சில மணி நேரத்தில் தடுமாறிய பிள்ளையைப் பார்த்து 'அழுத்தம் தாங்கும் திராணி இல்லை' என்று சொல்லும் நாக்கும், 'சச்சின் முடித்துக்கொடுக்க மாட்டார்' என்று சொன்ன நாக்கும் ஒன்றே. நேர்காணல் மேசையில் ஒரு கேள்விக்குத் திணறிய ஆய்வு மாணவியின் ஐந்தாண்டு உழைப்பை அந்தத் திணறலை வைத்துத் தீர்ப்பிடும் பேராசிரியரும் அதே பட்டியலைத்தான் மனத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். தேர்வு வேண்டாமென்பது வாதமன்று. ஓர் அளவீட்டிலிருந்து எவ்வளவு முடிவுசெய்யலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு என்பதே வாதம். அவ்வரம்பை வகுப்பறையில் கற்பிப்போர் தாம் தீர்ப்பு வழங்கும் இடங்களில் அதைக் கைவிடலாகாது.

பட்டியல்கள் இனியும் வரும், வந்துவிட்டுப் போகட்டும். அவற்றை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். மறுமுனையில் நின்றவர் யார்? அந்தக் கணம் வரை ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் யார்? இதே மனிதர் இதேபோன்ற கணத்தில் தோற்ற நாள் எது? மூன்றுக்கும் விடை தேடிய பிறகும் அப்பெயர் பட்டியலில் இருக்கத் தகுதியுடையதாக இருக்கலாம். ஆனால் சேப்பாக்கத்தில் அன்று தோற்ற பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் அணியைக் கைதட்டி வாழ்த்திய பார்வையாளர்களுக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படவில்லை. நான்கு நாளும் ஆட்டத்தைக் கண்டவர்கள் அவர்கள். கடைசிப் பந்தை மட்டும் கண்டவர்கள் அல்லர்.