நகச்சொத்தை: அவசரப்பட்டால் ஆறாது

கால் கட்டைவிரல் நகத்தின் நுனியில் மஞ்சளாக ஒரு கறை. சில மாதங்களில் நகம் தடித்து, பழுப்பேறி, ஓரம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கிறது. வலி கிடையாது என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பெண்கள் நகப்பூச்சிலோ மருதாணியிலோ மறைக்கிறார்கள். ஆண்களுக்கு இருக்கவே இருக்கிறது ஷூ. வீட்டில் ஒரு கல்யாணம் வந்து, புதுச் செருப்பு வாங்கக் கடைக்குப் போகும்போதுதான் நகத்தின் ஞாபகம் வருகிறது. உடனே மருந்துக் கடையில் ஏதாவது ஒரு களிம்பு. நகச்சொத்தை விஷயத்தில் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது.

நகச்சொத்தைக்கு முக்கியக் காரணம் டெர்மட்டோபைட் என்ற காளான் வகை. தோல், முடி, நகம் மூன்றிலும் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் இதன் உணவு. பெரும்பாலும் விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாகத் தொடங்கி, அங்கிருந்து நகத்துக்குத் தாவுகிறது. மழைக்காலத்து மும்பையில் நனைந்த ஷூவோடு மின்சார ரயில் ஏறி, அதே ஷூவோடு நாள் முழுக்க அலுவலகத்தில் உட்காருபவரின் கால் இதற்கு நல்ல நாற்றங்கால். பூட்ஸைக் கழற்ற முடியாத காவலர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஈரத்திலேயே நின்று வேலை பார்க்கும் சமையற்காரர்கள் ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு.

ஆனால் கெட்டுப்போன நகமெல்லாம் காளான் வேலை அல்ல. டாக்டர்களிடம் வரும் உருமாறிய நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் காளான் காரணம். சொரியாசிஸ், இறுக்கமான ஷூ, பழைய அடி ஆகியவையும் நகத்தை இதே மாதிரி ஆக்கும். எனவே, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவதற்கு முன்பு நகத் துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவசியம். எளிய சோதனைதான். காளானை வளர்த்துப் பார்க்கும் சோதனை என்றால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அகலமானால் தாமதிக்கக் கூடாது. பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977-ல் கண்டுபிடிக்கப்பட்டது மெலனோமா என்ற புற்றுநோய். கால்பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981-ல் 36 வயதில் அவர் இறந்தார்.

காளான்தான் என்று உறுதியானால் அடுத்து சிகிச்சை. சாதாரணக் களிம்பு நகத்தைத் துளைத்து உள்ளே போவதில்லை. நுனியில் மட்டும் லேசாகப் பாதிப்பு இருந்தால் அமரால்ஃபின், சைக்ளோபிராக்ஸ் போன்ற மருந்து கலந்த பூச்சுகள் உதவும். அவற்றையும் பல மாதங்கள் விடாமல் பூச வேண்டும். அடிநகம் வரை பரவியிருந்தால் மாத்திரைதான் வழி. வழக்கமாகக் கொடுக்கப்படுவது டெர்பினஃபின். தினம் 250 மில்லிகிராம் வீதம் கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். இட்ரகோனசோல் இன்னொரு மருந்து. இதை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் சாப்பிடும் முறையும் உண்டு.

பலர் பொறுமை இழப்பது இதற்குப் பிறகுதான். மாத்திரை முடிந்த அன்றும் நகம் அசிங்கமாகவே இருக்கும். காளான் செத்தாலும் கெட்ட நகம் நல்ல நகமாக மாறாது. புது நகம் வளர்ந்து பழையதை வெளியே தள்ள வேண்டும். கால்நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டைவிரல் நகம் முழுக்கப் புதிதாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். இது தெரியாமல் "மருந்து கேட்கவில்லை" என்று பாதியில் விடுபவர்கள் அதிகம்.

மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. டெர்பினஃபின் ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை தேவை. இதயம் பலவீனமானவர்களுக்கு நகச்சொத்தைக்காக இட்ரகோனசோல் தரக்கூடாது. ஈரல் பாதிப்பு காரணமாக, நகத்துக்கும் தோலுக்கும் கீட்டோகோனசோல் மாத்திரை தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் எச்சரித்தது.

கடைக்களிம்பு வேறொரு விதத்திலும் விபரீதம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பும் சிவப்பும் அடங்கும். காளான் நிம்மதியாகப் பரவும். 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'எச்' அட்டவணையில் மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்தது. டெர்பினஃபினுக்கு எளிதில் மசியாத ஒரு காளான் இனத்துக்கு 2020-ல் வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: டிரைக்கோபைட்டான் இண்டோடினியே. இது முக்கியமாகத் தோலைத்தான் தாக்குகிறது. நகச்சொத்தையோடு விடாப்பிடியான படர்தாமரையும் இருந்தால் இரண்டையும் டாக்டரிடம் காட்டுவது நல்லது. நகத்தில் பதுங்கியிருக்கும் காளான் ஆறிய தோலில் மறுபடி தொற்றும்.

நகச்சொத்தை உயிரை வாங்கும் நோயல்ல. ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. தடித்த நகத்தின் ஓரம் பக்கத்து விரலைக் கீறும். உணர்ச்சி மரத்த காலில் அந்தக் காயம் தெரியாது. புரையோடிய பிறகுதான் தெரியும். அவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்வதும், தடித்த நகத்தை டாக்டரிடமே வெட்டிக்கொள்வதும் பாதுகாப்பு.

குணமான பிறகும் நகச்சொத்தை திரும்பி வருவது சகஜம். தடுக்கப் பெரிய செலவில்லை. குளித்ததும் விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். தினம் துவைத்த சாக்ஸ் போட வேண்டும். இரண்டு ஜோடி ஷூ இருந்தால் மாற்றி மாற்றி அணிந்து, ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம். வீட்டில் ஆளுக்கொரு நகவெட்டி இருக்கட்டும். அழகு நிலையத்தில் கருவிகளைச் சுத்திகரித்தார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். சேற்றுப்புண் வந்தால் அப்போதே வைத்தியம் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஆவது சில வாரக் களிம்பு. நகத்துக்கு ஏறிவிட்டால் ஒரு வருடக் காத்திருப்பு.